மெயிலிங் லிஸ்ட்டை விட்டு கிட்ஹப்புக்குப் போனால் ஆட்கள் வருவார்களா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பல ஆண்டுகளாக ஓடும் ஒரு சி லைப்ரரி. பேட்ச்கள், அதாவது கோடில் செய்யவேண்டிய மாற்றங்கள், மெயிலிங் லிஸ்ட்டுக்கு (ஒரு முகவரிக்கு அனுப்பினால் உறுப்பினர் எல்லாருக்கும் போகும் மடல் குழு) வருகின்றன. திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் மெயின்டெய்னர்கள் மூன்று பேர், வரும் பேட்ச்களைப் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவில் பெரும்பாலானதை அவர்களில் ஒருவர்தான் செய்கிறார். புதியவர்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கோடை வைத்து வலையிலேயே ரிவ்யூ செய்யும் மேடைகளான கிட்ஹப்புக்கோ கிட்லேபுக்கோ போய்விடலாம் என்று நீங்கள் இருவர் நினைக்கிறீர்கள். அந்த ஒருவர் மட்டும் "போங்கள், நான் வரவில்லை" என்கிறார். தலைப்பில் "எது சிறந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்து முடித்தபோது எனக்குத் தோன்றிய கேள்விகள் மூன்று: மாறினால் ஆட்கள் வருவார்களா, வந்தவர்கள் தங்குவார்களா, அதற்குள் இருக்கும் ஆளும் கிளம்பிவிடுவாரா? இவற்றுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். ஆட்கள் வருவார்கள், அதில் சந்தேகமில்லை. தங்குவார்களா என்பது பெரும்பாலும் அனுப்பிய பேட்ச்சுக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ரிவ்யூ செய்யும் அந்த ஒருவர் போய்விட்டால் வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. ஆகவே மாற்றத்தை அவரை நடுவில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். லினக்ஸ் கெர்னலில் டிரைவர் பக்கம் பல ஆண்டுகளாக மடல் வழியே பேட்ச் அனுப்பியும் பார்த்தும் வருகிறேன்; சம்பள வேலை முழுக்க கிட்லேபில்; ஆர்வத்துக்குச் செய்வது கிட்ஹப்பில். எல்லாமே சி, கொஞ்சம் ரஸ்ட். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் நான் வேலை செய்ததில்லை. அதனால் நான் சொல்வதை உங்கள் லைப்ரரி போல மெதுவாக நகரும், பலர் மேலே கட்டி வைத்திருக்கும் திட்டங்களோடு மட்டும் பொருத்திப் பாருங்கள்.

மடல் வழியைப் "பழங்காலத்து முறை" என்று எழுதியிருந்தீர்கள். ரிவ்யூ செய்யும் அந்த நண்பருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. லினக்ஸ் 1991-ல் தொடங்கி பத்தாண்டுக்கு மேல் டிஃப் கோப்புகளை (எந்தெந்த வரி மாறியது என்று காட்டுபவை) மடலில் அனுப்பியே வளர்ந்தது. லாரி வால் 1985-ல் எழுதிய 'பேட்ச்' என்ற சின்ன நிரல் அதற்குப் போதுமானதாக இருந்தது. 2002-ல் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் வந்தது, 2005-ல் அதன் இலவச உரிமம் பறிபோனது, அந்த ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட்டை எழுதத் தொடங்கினார். அதாவது மடலில் வேலை செய்து பழகிய ஒரு கூட்டத்துக்காகத்தான் கிட் பிறந்தது. ஒவ்வொரு கமிட்டிலும் (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) எழுதியவர், சேர்த்தவர் என்று இரண்டு பெயர் தனித்தனியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் மடலில் அனுப்புவார், இன்னொருவர் எடுத்து ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) சேர்ப்பார் என்ற எண்ணத்தின் தழும்பு அது. கிட்ஹப் 2008-ல்தான் வந்தது.

உங்கள் லிஸ்ட்டுக்கு வராமலேயே திரும்பிப் போகும் இளைஞர்களும் இதைப் படிக்கலாம், அதனால் முறையை இரண்டு வரியில் சொல்கிறேன். 'கிட் ஃபார்மட்-பேட்ச்' உங்கள் கமிட்களை ஒவ்வொன்றாகக் கோப்பாக்கும். 'கிட் சென்ட்-இமெயில்' அவற்றை ஒரே இழையில், முன்னுரை மடலோடு, லிஸ்ட்டுக்கு அனுப்பும். ரிவ்யூ செய்பவர் கோடின் வரிகளை மேற்கோளாக வைத்து அதற்குக் கீழேயே பதில் எழுதுவார். நீங்கள் திருத்தி இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று முழுத் தொடரையும் மறுபடி அனுப்புவீர்கள். திருப்தியானதும் மெயின்டெய்னர் 'கிட் ஏஎம்' என்று அடித்து மடல்பெட்டியிலிருந்து நேராக ரெப்போவுக்குள் இழுத்துக்கொள்வார். கணக்கு தொடங்க வேண்டாம், ஃபோர்க் (சொந்த நகல்) எடுக்க வேண்டாம்.

இந்த முறையின் உண்மையான பலம் படிப்பவர் பக்கம் இருக்கிறது. ஐந்து கமிட் கொண்ட ஒரு மாற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலாவது ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறது, இரண்டாவது அதை வேறு கோப்புக்கு நகர்த்துகிறது, மூன்றாவது பிழையைத் திருத்துகிறது, மற்ற இரண்டும் சோதனைகள். மடலில் இது ஐந்து தனி மடல். மூன்றாவதை மட்டும் நான் உட்கார்ந்து படிப்பேன், முதலிரண்டைக் கண்ணோட்டமாகப் பார்ப்பேன். கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட், அதாவது வலையில் வைக்கும் மாற்றக் கோரிக்கை, எடுத்த எடுப்பில் ஐந்தையும் கூட்டி ஒரே டிஃப்பாகக் காட்டும். பெயர் மாறிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே உண்மையான திருத்தம் எங்கோ கிடக்கும். கமிட் வாரியாகவும் பார்க்கலாம்தான், ஆனால் அதற்குத் தனியாகப் போக வேண்டும், பெரும்பாலோர் போவதில்லை. போகாததால் எழுதுகிறவர்களும் கமிட்களைப் பிரித்து அடுக்கச் சிரமப்படுவதில்லை. "திருத்தம்", "மறுபடி திருத்தம்", "ரிவ்யூவில் சொன்னது" என்று கமிட்கள் குவியும், கடைசியில் எல்லாவற்றையும் ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கிவிடுவார்கள். ஆறு வருடம் கழித்து ஒரு வரியை எந்த கமிட் மாற்றியது என்று 'கிட் பிளேம்' போட்டுப் பார்க்கிறவனுக்கு எண்ணூறு வரி கொண்ட ஒரே கமிட்தான் கிடைக்கும்.

கமிட் செய்தியின் கதையும் அதேதான். மடலில் முதலில் கண்ணில் படுவது செய்தி, கோட் அதற்குக் கீழே. "ஏன் இந்த மாற்றம் என்று எழுதவில்லையே" என்பதுதான் கெர்னலில் எனக்கு வந்த ஆரம்பகாலப் பதில்களில் அடிக்கடி வந்தது, நானும் இப்போது மற்றவர்களுக்கு அதையே எழுதுகிறேன். புல் ரிக்வெஸ்ட்டில் விளக்கம் மேலே ஒரு பெட்டியில் போய்விடும், கமிட் செய்திக்கு யாரும் கருத்துச் சொல்லவும் வசதியில்லை. திருத்திய கமிட்களைப் பழையவற்றின் மேல் எழுதி ஃபோர்ஸ்-புஷ் செய்தால் பழைய கருத்துகள் காலாவதி என்று மடங்கிக்கொள்ளும். போன பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மடல்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 2018-ல் கிட் 2.19-ல் 'ரேஞ்ச்-டிஃப்' வந்த பிறகு, இரண்டு பதிப்புகளுக்கு நடுவிலான மாற்றத்தை முன்னுரை மடலிலேயே ஒட்டி அனுப்ப முடிகிறது.

இதை வைத்து "மடல் நல்லது, வலை கெட்டது" என்று முடிவுகட்டக் கூடாது. கெரிட் என்ற ரிவ்யூ மேடை முழுக்க வலையில் ஓடுவதுதான், ஆனால் அங்கே ரிவ்யூ கமிட் வாரியாகத்தான் நடக்கும். ஆண்ட்ராய்டின் கோட் அதில்தான் பார்க்கப்படுகிறது. ஆக உங்கள் நண்பர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வது "ஒவ்வொரு கமிட்டும் தனியாகப் பார்க்கப்பட வேண்டும்" என்பதாக இருந்தால் அதை எந்த மேடையிலும் விதியாக வைக்கலாம். "என் மடல் நிரலும் என் கீபோர்டும் என் வேகமும்" என்பதாக இருந்தால், அது நியாயமான கவலை, அதற்கு வேறு மருந்து. பத்துத் திட்டங்களைக் கவனிக்கும் ஒருவருக்கு எல்லாம் ஒரே பெட்டியில், தான் வைத்த வடிகட்டிகளின்படி, இணையம் இல்லாத நேரத்திலும் படிக்கக் கிடைப்பது சாதாரண வசதி இல்லை. அதை அனுபவிக்காதவர்களுக்கு விளக்குவது கடினம், அனுபவித்தவர்களிடமிருந்து பிடுங்குவது அதைவிடக் கடினம்.

கெர்னல் ஏன் இன்னும் மடலிலேயே இருக்கிறது என்று எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கமிட், ஏறத்தாழ 2000 பேரின் பங்களிப்பு. ஒரு மாற்றம் நெட்வொர்க்கையும் நினைவக மேலாண்மையையும் சேர்த்துத் தொட்டால் இரண்டு லிஸ்ட்டையும் நகலில் சேர்த்தால் போதும். யாரைச் சேர்ப்பது என்பதை 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பைப் படித்துச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. டோர்வால்ட்ஸ் 2012-லேயே கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டை ஏற்கமாட்டேன் என்று காரணத்தோடு எழுதிவிட்டார். கேட்பவரின் சரியான மின்னஞ்சல் முகவரிகூட அதில் வருவதில்லை என்பது அவர் குறைகளில் ஒன்று. இதெல்லாம் சரி. ஆனால் பல கணினிகளில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் திட்டம் கிட்ஹப்பிலேயே பிரம்மாண்டமாக ஓடுகிறது. எந்த அடைவுக்கு யார் பொறுப்பு என்று 'ஓனர்ஸ்' கோப்புகள், ஆளை ஒதுக்க, ஒப்புதலைக் கணக்கிட, மெர்ஜ் செய்ய (மாற்றத்தை ரெப்போவில் சேர்க்க) புரவ் என்ற போட் (தானியங்கி நிரல்) கூட்டம். வலை மேடை பெரிய திட்டத்தைத் தாங்காது என்ற வாதம் அதோடு அடிபடுகிறது. எந்த வழியில் போனாலும் அந்த அளவுக்கு வந்தால் கருவிகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் இரண்டிலிருந்தும் தெரிவது. மூன்று பேர் இருக்கும் உங்கள் திட்டத்துக்கு இரண்டு உதாரணமுமே பொருந்தாது. கெர்னலைக் காட்டி யார் வாதாடினாலும், உங்கள் நண்பரே ஆனாலும், நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

இனி அனுப்புகிறவர் பக்கம். இங்கே மடலுக்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது. ஜிமெயிலின் வலைப் பக்கத்திலிருந்து பேட்ச்சை ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் இடைவெளியாகிவிடும், பேட்ச் ஒட்டாது. எச்டிஎம்எல் மடலைக் கெர்னல் லிஸ்ட்கள் திருப்பி அனுப்பிவிடும். 'சென்ட்-இமெயில்' வழியே அனுப்ப எஸ்எம்டிபி (மடல் அனுப்பும் சர்வர் இணைப்பு) அமைக்க வேண்டும். கூகுள் 2022-ல் சாதாரணக் கடவுச்சொல்லோடு உள்ளே விடுவதை நிறுத்திய பிறகு, தனிச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். அலுவலக முகவரி என்றால் இன்னும் மோசம்: நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தின் மடல் சர்வர், வெளியே போகும் ஒவ்வொரு மடலின் அடியிலும் "இது ரகசியமானது, உரியவரல்லாதவர் அழித்துவிடவும்" என்று ஒட்டி அனுப்பும். உலகமே படிக்கும் லிஸ்ட்டில் போய் விழும் பேட்ச்சுக்கு அந்த வாசகம்! கடைசியில் எங்கள் குழு பேட்ச் அனுப்பவென்றே தனியாக வேறு முகவரிகள் வாங்கியது.

லிஸ்ட்டை நடத்துகிறவருக்கும் தலைவலி கூடியிருக்கிறது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பெயரில் வரும் போலி மடல்களைத் தடுக்கும் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கியபோது உலகம் முழுக்க மெயிலிங் லிஸ்ட்கள் தடுமாறின. மடலின் தலைப்பில் லிஸ்ட்டின் பெயரைச் சேர்ப்பது, அடியில் "விலக இங்கே அழுத்தவும்" என்று ஒரு வரி சேர்ப்பது போன்ற பழைய வழக்கங்கள் மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையொப்பத்தை உடைத்துவிடும். உடைந்தால் பெறுபவரின் சர்வர் குப்பையில் போடும் அல்லது திருப்பி அனுப்பும். உங்கள் லிஸ்ட்டில் இன்னும் அந்த அடிக்குறிப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், புதியவர்கள் அனுப்பிய மடல்களில் சில யாருக்குமே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை மௌனம். மடலில் ஒரு பேட்ச்சுக்கு நிலை என்று ஒன்று கிடையாது. ஏற்றுக்கொண்டார்களா, நிராகரித்தார்களா, மறந்துவிட்டார்களா என்பது மூன்றுமே வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பழகியவன் இரண்டு வாரம் பொறுத்து நினைவூட்டி ஒரு மடல் போடுவான். புதிதாக வந்தவன் தன்னை யாரும் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான், போனதே உங்களுக்குத் தெரியாது. பேட்ச்வொர்க் என்ற கருவி லிஸ்ட்டைப் படித்து ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு நிலையைக் காட்டும்; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் இதற்காகவே கமிட்ஃபெஸ்ட் என்ற முறையை வைத்திருக்கிறது, குறிப்பிட்ட காலத்தில் காத்திருக்கும் பேட்ச்களைப் பட்டியல் போட்டுப் பார்த்துத் தள்ளுவார்கள். லிஸ்ட்டில் வந்த பேட்ச்சை எடுத்துத் தானே சோதித்துப் பார்க்கும் போட்டும் அவர்களிடம் உண்டு. கெர்னலில் அந்த வேலையைச் செய்ய இன்டெல் ஓட்டும் போட் இருக்கிறது. நிலையைக் காட்டும் கருவி, சோதிக்கும் போட் இரண்டுமே உங்களிடம் இல்லை. பேட்ச் வந்தால் உங்கள் நண்பர் தன் கணினியில் எடுத்து, பில்ட் செய்து, சோதனை ஓட்டிப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் திட்டத்தின் முதல் நோய் அதுதான். வலை மேடைகளில் சில வரிகள் கொண்ட ஒரு கோப்பை வைத்தால் தானியங்கிச் சோதனை கிடைத்துவிடுகிறது. பைட்களை மாற்று வரிசையில் வைக்கும் பெரிய எண்டியன் கணினியில் ஓடுமா, பழைய கம்பைலரில் பில்ட் ஆகுமா என்று ரிவ்யூ செய்பவர் தலையில் இருக்கும் கேள்விகள், அவர் படிக்கத் தொடங்கும் முன்பே பதிலோடு வந்து நிற்கும்.

சரி, ஆட்கள் விஷயம். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: மேடைக்கு மாறினால் ஆவணத்தில் எழுத்துப்பிழை, விட்டுப்போன ஹெடர், புதிய கம்பைலர் காட்டும் எச்சரிக்கை போன்ற சின்னத் திருத்தங்கள் வரத் தொடங்கும். பயனர்கள் கண்ட பிழையை அங்கேயே திருத்தி அனுப்ப இருந்த தடை உடைந்துவிடுகிறது. அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவது, பத்தாவது பேட்ச் வரை நிற்பார்கள் என்பதில்தான் சந்தேகம் தொடங்குகிறது. பைதான் 2017-ல் கோடையும் 2022-ல் பிழைப் பட்டியலையும் கிட்ஹப்புக்குக் கொண்டுபோனது. கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் 2022-ல் விவாதங்களை மெயிலிங் லிஸ்ட்டிலிருந்து டிஸ்கோர்ஸ் என்ற வலை மன்றத்துக்கும், 2023-ல் ரிவ்யூவை ஃபேப்ரிகேட்டர் என்ற மேடையிலிருந்து கிட்ஹப்புக்கும் மாற்றியது. லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான குனோம் 2018-ல் தன் சொந்த கிட்லேபுக்குப் போனது. இவர்களைக் காட்டி "பாருங்கள், வளர்ந்தார்கள்" என்பது எளிது. ஆனால் இவை எல்லாமே ஏற்கெனவே பெரியவை, பல நிறுவனங்கள் ஆளும் பணமும் போடுகிறவை. மாறிய அதே காலத்தில் ஆவணங்களைத் திருத்தினார்கள், புதியவர்களைக் கவனிக்க ஆள் வைத்தார்கள். வளர்ச்சியில் மேடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் மெசா வரைகலை லைப்ரரிகள். அதுவும் சி, பல காலம் மெயிலிங் லிஸ்ட்டில் பேட்ச் பார்த்த கூட்டம், பிறகு ஃப்ரீடெஸ்க்டாப் நடத்தும் கிட்லேபுக்குப் போனது. அங்கே எனக்குப் பிடித்தது, கமிட்களைத் தனித்தனியாக வைத்திருக்கும் பழைய ஒழுக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. ஸ்குவாஷ் செய்து மூடுவதில்லை. 'ரிவ்யூட்-பை' வரிகள் கமிட் செய்தியிலேயே இருக்கின்றன. மெர்ஜ் செய்யும் முன் உண்மையான ஜிபியு வன்பொருளில் சோதனை ஓடுகிறது. மடலின் பழக்கத்தை வலைக்குள் கொண்டுபோக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வாசலை அகலமாகத் திறந்தால் வேண்டாதவர்களும் வருவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். 2020 அக்டோபரில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக அர்த்தமற்ற புல் ரிக்வெஸ்ட்கள் கொட்டின. சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டும் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. இப்போது டி-ஷர்ட் ஆசைகூடத் தேவையில்லை, மொழி மாதிரிகள் எழுதிக் கொடுக்கும் கோடைத் தாங்களே படிக்காமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மடலில் இருக்கும் தொல்லை தற்செயலாக இங்கே ஒரு வடிகட்டியாக வேலை செய்தது. அதை ஒரு நன்மை என்று கொண்டாட மாட்டேன். நல்லவர்களையும் அதே வடிகட்டி நிறுத்தியிருக்கிறது, அதில் உங்கள் திட்டத்தின் அடுத்த மெயின்டெய்னரும் இருந்திருக்கலாம்.

உங்கள் நண்பர் சொன்ன "நம் வரலாறு இன்னொருவர் கையில் போய்விடும்" என்ற கவலையை நீங்கள் இருவரும் லேசாக எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது. எடுக்கக் கூடாது. கூகுள் கோட் என்ற மேடை 2015-ல் மூடல் அறிவித்து 2016 ஜனவரியில் முடிந்தது. கிட்டோரியஸ் என்ற மேடையை 2015-ல் கிட்லேப் வாங்கி மூடியது. பிட்பக்கெட் 2020-ல், கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான மெர்க்கூரியலின் ரெப்போக்களைக் கைவிட்டது. கிட்ஹப் 2018-ல் மைக்ரோசாஃப்ட்டிடம் போனது; 2019-ல் அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, ஈரானுக்கு 2021 ஜனவரியில்தான் உரிமம் பெற்றுத் திறந்தார்கள். இன்னொன்றும் நினைவிருக்கும்: 2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் ஒரு மெயிலிங் லிஸ்ட்டில் அறிவித்தார். உடனே கிட்ஹப் அந்த ரெப்போவை முடக்கியது. என்ன நடந்தது என்று தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கிருந்த விவாதங்கள் மறைந்துபோயின. 2022-ல் பொறுப்பைப் பகிரச் சொல்லிப் பழைய மெயின்டெய்னரை நெருக்கிய மடல்கள் மட்டும் லிஸ்ட் காப்பகத்தில் எல்லார் கண்ணிலும் கிடந்தன. கிட் ரெப்போ ஒவ்வொருவர் கணினியிலும் முழுதாக இருக்கும், அது எங்கும் போகாது. அதைச் சுற்றி நடந்த பேச்சு மேடையின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும்.

மடல் காப்பகங்கள் சாகாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஜிமேன் என்ற பெரிய காப்பகத்தின் வலைப் பக்கம் 2016-ல் நின்றபோது எத்தனையோ கமிட் செய்திகளில் இருந்த சுட்டிகள் ஒரே நாளில் செத்தன. கெர்னல்காரர்கள் பிறகு லோர் என்ற காப்பகத்தைக் கட்டினார்கள், பழைய மடல்களைப் பலரின் சேமிப்பிலிருந்து திரட்டிச் சேர்த்தார்கள். அது பப்ளிக்-இன்பாக்ஸ் என்ற கருவியில் ஓடுகிறது. மடல்கள் கிட் ரெப்போவாகவே இருப்பதால் யார் வேண்டுமானாலும் முழுவதையும் குளோன் செய்துகொள்ளலாம். மடலின் இந்தச் சாத்தியத்துக்கு இணையாக கிட்ஹப்போ கிட்லேபோ எதையும் தரவில்லை.

நடுவழி உண்டா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உண்டு. கிட் திட்டமே கிட்கிட்கேட்ஜெட் என்ற பாலம் வைத்திருக்கிறது, புல் ரிக்வெஸ்ட்டாக வந்ததை பேட்ச் மடல்களாக்கி லிஸ்ட்டுக்கு அனுப்பும். கெர்னலில் பி4 என்ற கருவி பேட்ச் தொடரைத் தயாரிப்பது, அனுப்புவது, இழையிலிருந்து எடுத்துச் சேர்ப்பது எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டது. எஸ்எம்டிபி அமைக்க முடியாதவர்களுக்கு அதில் வலை வழி அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. மடலை மையமாக வைத்தே கட்டப்பட்ட சோர்ஸ்ஹட் என்ற மேடையும் உண்டு. ஆனால் பாலம் என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று பேரில் ஒருவர் வார இறுதியெல்லாம் பாலத்துக்கு வைத்தியம் பார்ப்பது நடக்கிற காரியமா? பாலமே இல்லாமல் இரண்டு வாசலையும் திறந்து வைப்பது இன்னும் மோசம்: அங்கே ஒருவர் மறுத்ததை இங்கே ஒருவர் சேர்த்துவிடுவார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த வெளியீடு வரை ரிவ்யூவைத் தொடவே மாட்டேன். ரெப்போவின் நகலை மேடையில் வைத்து, தானியங்கிச் சோதனையை மட்டும் அங்கே ஓடவிடுவேன், பிழைப் பட்டியலையும் அங்கே திறப்பேன். இதில் உங்கள் நண்பருக்கு இழப்பு ஒன்றுமில்லை, வேலை குறையும். அவருக்கு மேடையின் மீது கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகு புல் ரிக்வெஸ்ட்டைப் பற்றிப் பேசலாம். அப்போது விதிகளை அவரையே எழுதச் சொல்லுங்கள்: ஸ்குவாஷ் மெர்ஜை அமைப்பிலேயே அணைத்துவிடுவது, கமிட் வாரியாகப் பார்ப்பது, காரணம் எழுதாத கமிட்டைத் திருப்பி அனுப்புவது, விவாதத்தில் வந்த முடிவைக் கமிட் செய்திக்குள் கொண்டுவருவது. கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் அறிவிப்பு மடலுக்குப் பதில் எழுதினால் அது கருத்தாகப் போய்ச் சேரும், அவர் தன் மடல்பெட்டியை விட்டு வெளியே வரும் நேரத்தைப் பாதியாவது குறைக்கலாம். சொந்தமாக சர்வர் நடத்தத் தெம்பு இருந்தால் கிட்லேப் அல்லது அதுபோன்ற ஃபோர்ஜியோ, இல்லையென்றால் கிட்ஹப். புதியவர்கள் கையில் ஏற்கெனவே கணக்கு இருப்பது அங்கேதான், அந்த உண்மையோடு சண்டை போட முடியாது. புல் ரிக்வெஸ்ட்டைத் திறக்கும் அன்றே, ஒரு வாரத்துக்குள் ஒரு வரியாவது பதில் போடும் பொறுப்பை நீங்களும் மற்றவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

பேசிப் பார்த்து மடலிலேயே இருப்பது என்று முடிவானாலும் தோல்வி இல்லை. அடிக்குறிப்பை நீக்குங்கள், உறுப்பினராகாமலே மடல் அனுப்ப விடுங்கள், பேட்ச்வொர்க் நிறுவுங்கள், முதல்முறை அனுப்புகிறவருக்கு ஒரு பக்க வழிகாட்டி எழுதுங்கள். கிட் சென்ட்-இமெயில் அமைக்க சோர்ஸ்ஹட்காரர்கள் படிப்படியாக எழுதிய பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது, அதற்குச் சுட்டி கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

எப்படிப் போனாலும் இதை இந்த வாரமே செய்யுங்கள். லிஸ்ட் மெயில்மேன் என்ற நிரலில் ஓடுகிறது என்றீர்கள். சர்வரை வைத்திருப்பவரிடம் சொல்லி மடல்களை அப்படியே வைத்திருக்கும் எம்பாக்ஸ் கோப்புகளை முழுதாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காப்பகத்தின் வலைப் பக்கத்தைச் சுரண்டி எடுத்தால் மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மடலுக்கும் உள்ள தனி அடையாளம்) கிடைக்காமல் போகலாம். பழைய கமிட் செய்திகளில் லிஸ்ட்டுக்குச் சுட்டிகள் இருந்தால், முகவரி மாறிய பிறகும் அந்த ஐடியை வைத்துத்தான் சரியான மடலைக் கண்டுபிடிக்க முடியும்.